அடிக்கணக்கு

முந்நூறு அடிவரை ஒரு விலை.
அதற்குக் கீழே நூறு நூறாக
ஆழம் இறங்க இறங்க விலை ஏறும்.
வந்தாலும் வறண்டாலும் பணம் ஒன்றுதான்
என்று முதலிலேயே சொல்லிவிடுவோம்.
தலையாட்டினார் ஹொன்னப்பா.
எல்லோரும் தலையாட்டுவார்கள்,
முந்நூறு அடிவரை.

பெங்களூரு, ஹொரமாவு, ஒரு குறுக்குத் தெரு.
லாரி நுழைய
மின்கம்பியை மூங்கிலால் தூக்கிப் பிடித்தோம்.
செருப்பு அலமாரிக்கும் கழிவுத்தொட்டிக்கும் நடுவே
மஞ்சள் தடவிய கல் ஒன்று:
தேங்காய் எழுந்து நின்ற இடமாம்.
எனக்கு எந்த இடமும் சரி.
திருச்செங்கோட்டுக்காரன் நான்.
தேங்காயையும் கேட்பேன், பாறையையும் கேட்பேன்,
முன்பணம் வந்ததா என்றும் கேட்பேன்.

எண்பது அடி செம்மண்.
கேசிங் இறக்கினோம்.
பிறகு கல், கல்.
சாம்பலாய் மாவு, நானூறில் கொஞ்சம் ரோஜா,
எழுநூறில் கறுப்பு.
தெருவில் நின்ற கார்களெல்லாம்
திருநீறு பூசிக்கொண்டன.
ஒரு ராடு இருபது அடி.
இறங்கும் ஒவ்வொன்றுக்கும்
லாரிக் கதவில் சாக்பீஸால் கோடு போடுவான் பிர்சு,
லோஹர்தகா பையன்.
தமிழில் அவனுக்கு இருபது சொல் வரும்.
'தண்ணி'யை மட்டும்
எங்கள் ஊர்க்காரன் போலவே சொல்வான்.

தொள்ளாயிரத்தில்
போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார் ஹொன்னப்பா.
இறங்கி வந்து
இன்னும் நூறு என்றார்,
சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டிருப்பவன் குரலில்.

மச்சான் டான்சானியாவில் இதே வண்டி ஓட்டுகிறான்.
குரலில் செய்தி அனுப்பியிருந்தான்:
"இங்கயும் மாவுதான்டா. கலரு மட்டும் வேற."

நாங்கள் குளித்து நான்கு நாள்.
தண்ணீர் தேடித் தருகிறவனுக்கு
தண்ணீர் கேட்கக் கூச்சம்.
இருபது லிட்டர் கேனைக் காட்டி
குடிக்க மட்டும் என்றது
அந்த வீட்டுச் சின்னப் பெண்.

அறுபத்தொன்பதாவது ராடில்
மாவு பறக்கவில்லை.
அப்படித்தான் தெரியும். சத்தம் மாறுமுன்
தூசி தயங்கும்.
அள்ளினால் உருண்டை பிடிக்கலாம்.
குழிக்குள்ளிருந்து ஒரு இருமல், சேறு,
அப்புறம் கம்ப்ரசர் காற்று அதைத் தூக்கி
இரண்டாம் மாடி ஜன்னலில் அறைந்தது.
நீரு பந்த்து, நீரு பந்த்து என்று ஓடினார்கள்.
எந்தக் காலத்து மழையோ,
யார் தலையிலும் விழாத மழையோ,
கண்ணாடியில் வழிந்தது.
பிர்சு வாயைத் திறந்தபடி நின்றான்.

இரண்டு அங்குலம் தேறும்.
நான் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு மேலே ஒரு தலை.
அடுத்த வீட்டு சூசம்மா.
காலையிலிருந்து அவர் மோட்டார்
காற்றைத்தான் இறைக்கிறதாம்.
அவ்வளவு ஆழத்தில்
யார் வீட்டுப் பாறை எதுவென்று
பட்டா போட்டவர் யாரும் இல்லை.
சண்டை வரும் என்று நினைத்தேன்.
ஹொன்னப்பாவும் நினைத்திருப்பார், உள்ளே போய்விட்டார்.
அவர் கேட்டது என்னிடம், மெதுவாக:
"இவங்களோடது எத்தனை அடி?"
ஆயிரத்து முந்நூற்று எண்பது.
"அப்போ எனக்கு ஆயிரத்து ஐந்நூறு."

முன்னால் எடுத்து, பின்னால் எடுத்து,
பதினைந்தடி நகர
இரண்டு மணி நேரம்.
அதே கம்பியை அதே மூங்கிலால் தூக்கினோம்.
அந்த வீட்டிலும் தேங்காய் எழுந்து நின்றதாம்.

மூன்றாம் நாள் ராத்திரி,
ஆயிரத்து முந்நூறைத் தாண்டும்போது பார்த்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஹொன்னப்பா
வாசல் குழாயைத் திறந்துவிட்டு
அடியில் உள்ளங்கையை ஏந்தி
நின்றுகொண்டிருந்தார்.
எங்கள் சுத்தியல் விழ விழ
கையையே பார்த்தார்.
தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.
மூட மனம் வரவில்லை அவருக்கு.
விரல் வழியே வழிந்து
கல் மாவில் ஓடி
சாக்கடைக்குப் போனது.

எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது.
பிர்சுவின் கோடுகளுக்கு அடியில்
லாரிக் கதவில் எழுதியிருக்கும் செல் நம்பரை
யாரோ வாய்விட்டுப் படிக்க
யாரோ குறித்துக்கொண்டிருந்தார்கள்.